‘பொறுத்திருங்கள், விசில் ஊதப் பழக்குங்கள்’ என்ற பதில் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கேள்வி–பதில் பகுதியில், இரண்டேகால் வயதாகியும் மகன் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் பேசவில்லை என்று ஒரு தாய் எழுதியிருந்தார். ‘ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், மூன்று வயது வரை பொறுத்திருங்கள். அதுவரை பலூனும் விசிலும் ஊதப் பழக்கினால் நாக்கு நன்றாகப் புரளும்’ என்று அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. சிறு குழந்தைகளுக்குப் பேச்சு–மொழிச் சிகிச்சை அளிப்பவர்கள் என்ற முறையில், இந்தப் பதிலின் இரண்டு பாதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பாதியில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். இரண்டு வயதில் பேச்சு மட்டும் பின்தங்கியிருக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளி சேரும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ‘இவனும் மூணு வயசு வரைக்கும் பேசல, இப்ப வாயே மூடறதில்ல’ என்று காட்டுவதற்குப் பல குடும்பங்களில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பது இதனால்தான். எட்டிப் பிடிக்காமல் போகும் மீதிப் பேர் யார் என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஆணா பெண்ணா என்ற கணக்கு உதவாது. பெண் குழந்தைகள் சராசரியாக முந்துவது ஓரிரு மாதம்தான். 24 மாதத்தில் சுமார் 50 சொற்களும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கப்படும்போது, 27 மாதத்தில் ஏழெட்டுச் சொல் என்பது அந்த ஓரிரு மாத வித்தியாசத்தில் அடங்காது.

சொற்களை எண்ணுவதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. உச்சரிப்பு திருத்தமாக இருக்க வேண்டியதில்லை. பந்தைப் பார்க்கும்போதெல்லாம் ‘பா’ என்றால் அது ஒரு சொல். மாட்டைக் கண்டு ‘ம்மா’ என்பதும் ஒரு சொல். இரண்டு மொழி புழங்கும் வீட்டில் இரு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். (ஒரு மொழியை நிறுத்திவிட்டால் பேச்சு வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.) நாம் சொன்னதை உடனே திருப்பிச் சொல்வது கணக்கில் சேராது. ‘ஏ’யிலிருந்து ‘இசட்’ வரை ஒப்பிப்பதும், 1 முதல் 20 வரை சொல்வதும், பாட்டை வரி பிசகாமல் பாடுவதும்கூடச் சேராது. இவ்வளவும் சொல்லத் தெரிந்த குழந்தை, தாகம் எடுத்தால் அம்மாவின் கையை இழுத்துப்போய்த் தண்ணீர் பாட்டிலின் மேல் வைக்கிறது என்றால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாமல் நிபுணரிடம் காட்டுவது நல்லது. ‘டாட்டா பைபை’ என்பது ஒரே சொல்தான். ‘அம்மா வா’, ‘பந்து தா’ என்று இடத்துக்குத் தகுந்தபடி குழந்தை தானே சேர்ப்பதுதான் இரு சொல் பேச்சு.

ஆனால் எண்ணிக்கைக்கு முன்பாக நாங்கள் பார்ப்பது, குழந்தைக்கு எவ்வளவு புரிகிறது என்பதை. ‘அவனுக்கு எல்லாம் புரியுது, பேச்சுதான் வரல’ என்று பெற்றோர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. வெளியே கிளம்பும் நேரத்தில் வாசலைப் பார்த்தபடி கையை நீட்டி ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால், சொல் புரியாத குழந்தையும் எடுத்து வரும். நேரமும் நம் கையும் கண்ணும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து, வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: ‘செருப்பைக் கட்டில் மேல வை.’ இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை இதைச் செய்துவிட்டால் கவலை பாதியாகக் குறையும். விழித்தாலோ, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாலோ, புரிதலும் பின்தங்கியிருக்கிறதா என்று முறையாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது சுட்டிக்காட்டுதல். வேண்டிய பொருளைக் கேட்பதற்காகச் சுட்டுவது ஒரு வகை. மேலே பறக்கும் விமானத்தைச் சுட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை 18 மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும். அது வராவிட்டாலும், பெயர் சொல்லி அழைத்துத் திரும்பாவிட்டாலும் காத்திருப்பதில் பயனில்லை. சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது பேச்சிலோ படிப்பிலோ சிக்கல் இருந்திருப்பது, குழந்தையின் வாயில் வரும் மெய்யொலிகளே மூன்று நான்குதான் என்பது ஆகியவையும் ‘பொறுத்திரு’ என்ற ஆலோசனைக்கு எதிரான சாட்சிகள்.

தாங்கள் வெளியிட்ட பதிலில் காது என்ற சொல்லே இல்லை. எங்களுக்கு உறுத்தியது இதுதான். பேச்சு தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செவித்திறன் பரிசோதனை, அதன் பிறகே மற்றது. பின்னால் நின்று கைதட்டினால் திரும்புகிறான், தட்டு விழுந்தால் அதிர்கிறான் என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது. உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அலைவரிசைகளில் இருக்கிறது; ‘ஸ’ போன்ற ஒலியின் சத்தமோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல். உயர்ந்த அலைவரிசைகள் மட்டும் கேட்காத குழந்தை, கூப்பிட்டால் திரும்பும், கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். சொற்களில் உள்ள பல மெய்யொலிகள் மட்டும் அதற்கு எட்டாது. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது இன்னொரு மறைமுகக் காரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது; 20, 30 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும், ஒரு வாரம் சரியாகி மறு வாரம் மீண்டும் மங்கும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே வடிந்துவிடும். வடியாவிட்டால் காது மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

‘இத்தனை சின்னப் பிள்ளைக்கு எப்படி டெஸ்ட் எடுப்பது’ என்று தயங்க வேண்டியதில்லை. ஆறு மாதக் குழந்தைக்கே, சத்தம் வந்த பக்கம் திரும்பினால் பொம்மையில் விளக்கு எரியும்படி வைத்துச் சோதிக்கலாம். இரண்டரை வயதுக்கு மேல் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடச் சொல்லி விளையாட்டாகவே எடுத்துவிடலாம். ஒத்துழைக்காத குழந்தைக்குத் தூக்கத்தில் செய்யும் பெரா (BERA) பரிசோதனை இருக்கிறது; சத்தத்துக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்னலைகளை அது பதிவு செய்யும். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியதும் போதாது. பிறகு வரும் செவித்திறன் குறைபாட்டை அது காட்டாது.

இனி விசிலும் பலூனும். ஊதும்போது வேலை செய்யும் தசைகள் பேசும்போதும் வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பேசுவதற்கு நாக்கின் முழு பலத்தில் சிறு பங்கு போதும். தேவைப்படுவது வேகமும் துல்லியமும், ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒழுங்கும். அந்த ஒழுங்கு பேசிப் பேசித்தான் வரும். விரலை மடக்கி நீட்டிப் பழகியதால் யாருக்கும் வீணை வாசிக்க வந்துவிடாது. அதிலும் கேள்வியில் இருந்த சிறுவனுக்குக் குறைவது சொற்கள். நாக்குப் பயிற்சி சொல்லையும் பொருளையும் எப்படி இணைக்கும்? நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான். சவ்வு மிக இறுக்கமாக இருந்தால் நுனிநாக்கு ஒலிகள் சிலவற்றில் பிசகு நேரலாம். ஆனால் ‘அம்மா’வுக்கும் ‘பாப்பா’வுக்கும் நுனிநாக்கு வேண்டாமே. மூளைவாதத்தால் வரும் தசைத் தளர்ச்சியும் பிளவுபட்ட அண்ணமும் (மேல்வாயும்) தனி விஷயங்கள். அவற்றுக்கும் விசில் மருந்தில்லை.

சிகிச்சை அறையில் நடப்பது, பார்ப்பவர் கண்ணுக்கு விளையாட்டாகத்தான் தெரியும். ‘அரை மணி நேரம் சோப்புக் குமிழி ஊதிவிட்டு அனுப்புகிறார்கள்’ என்று புகாரும் வரும். குமிழி எதற்கு என்று சொல்லிவிடுகிறோம். பாட்டிலின் மூடியை இறுக்கி மூடிக் குழந்தையின் கையில் கொடுப்போம். திருகிப் பார்க்கும், முடியாது. உடனே உதவாமல், முகத்துக்கு நேரே உட்கார்ந்து, எதிர்பார்க்கும் பார்வையோடு மனதுக்குள் பத்து வரை எண்ணுவோம். குழந்தை பாட்டிலை நீட்டலாம், நம் கண்ணைப் பார்க்கலாம், ‘உம்’ என்று முனகலாம். எது வந்தாலும் அதை உதவி கேட்பதாக ஏற்றுக்கொண்டு, ‘திற’ என்று ஒரே சொல்லைத் தெளிவாகச் சொல்லித் திறப்போம். இரண்டு முறை ஊதி மூடியை மீண்டும் இறுக்குவோம். பத்து நிமிடத்தில் ‘திற’, ‘ஊது’, ‘இன்னும்’ என்ற மூன்று சொற்களும் தேவைப்படும் அந்தந்த நொடியில் பலமுறை காதில் விழுந்திருக்கும். இதே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ‘திறன்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்’ என்றால் என்ன நடக்கும்? வராத சொல்லைக் கேட்டு மிரட்டுவதாகத்தான் குழந்தைக்குப் படும். அழும், பாட்டிலை எறியும், அடுத்த முறை நம் பக்கம் வராது.

எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. நிறங்களும் எண்களும் விலங்குப் படங்களும் பெரியவர்களுக்குப் பிடித்தவை. குழந்தைக்குக் காரியம் நடத்தித் தருபவை வா, போ, தா, திற, போடு போன்ற வினைச்சொற்களும், வேணாம், இன்னும் போன்ற சொற்களும். அவற்றிலும் குழந்தைக்கு ஏற்கெனவே வரும் ஒலியில் தொடங்கும் சொற்களை முதலில் எடுக்கிறோம். ‘ப’ வரும் குழந்தையிடம் ‘போ’வில் தொடங்கினால் பலன் சீக்கிரம் தெரியும்.

வாரம் ஒரு முறை அரை மணி என்பது மிகச் சிறிய அளவு. நாளுக்கு 12 மணி நேரம் விழித்திருக்கும் குழந்தைக்கு வாரத்தில் 84 மணி நேரம் வீட்டில் இருக்கிறது. ஆகவே உண்மையான சிகிச்சையாளர்கள் பெற்றோர்தான். எங்கள் வேலையில் பாதி அவர்களுக்குக் கற்றுத்தருவது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூங்க வைப்பது என்று மூன்று வேளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு உத்தியைப் பழகச் சொல்வோம். குழந்தை பேசும் அளவைவிட ஒரு சொல் கூடுதலாகப் பேசுவது அதில் முதன்மையானது. அது ‘சட்டை’ என்றால் நாம் ‘சட்டை போடு’; அது எதுவும் சொல்லாவிட்டால் நாம் ‘சட்டை.’ பெரும்பாலும் சறுக்குவது கேள்விகளில். ‘இது என்ன? இது என்ன கலர்? ஆன்ட்டிக்குச் சொல்லிக் காட்டு’ என்று தேர்வு நடத்தும் வீட்டில் குழந்தை வாயை மூடிக்கொள்கிறது. ஒரு கேள்வி கேட்டால் நான்கு முறை வெறுமனே சொல்ல வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பேச்சின் போக்கே மாறும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டல். எங்கள் கவலை திரையைவிட, அது ஓடும்போது வீட்டில் பேச்சு நின்றுபோவது பற்றி.

சொற்கள் நிறைய இருந்து ஒலி மட்டும் பிசகினால் அணுகுமுறை வேறு. ‘அக்கா’வை ‘அத்தா’ என்பது மூன்று வயதில் இயல்பு. மூன்றரை வயதுக்கு மேல் நீடித்தால் கவனிக்கலாம். ‘கட்டு’, ‘தட்டு’ என்ற இரண்டு படங்களை வைத்து, நாம் சொல்வதைக் குழந்தை எடுக்கிறதா என்று முதலில் பார்ப்போம். காதில் வித்தியாசம் பிடிபட்ட பிறகு அது சொல்ல, நாம் எடுப்போம். கட்டுப் போட்ட விரல் படம் வேண்டி ‘தட்டு’ என்றால் தட்டுதான் கிடைக்கும்; அந்த ஏமாற்றம் ஒலியை மாற்றத் தூண்டும். ‘க’ வரவே வராத குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னே சரியும். நுனியை அதன் விரலாலேயே மெல்ல அழுத்திக்கொண்டு முயன்றால் பின்னாக்கு எழும். தனி ஒலி, அசை, சொல், தொடர், பேச்சு என்று ஏறும்போது ஒவ்வொரு படியிலும் பத்துக்கு எட்டு சரியாக வந்தால் அடுத்த படி. அரை மணியில் 50 முதல் 100 முறை சொல்லியிருக்க வேண்டும். படத்துக்கு வண்ணம் தீட்டுவதிலேயே நேரம் போய்ப் பத்துப் பன்னிரண்டு முறைதான் சொன்னது என்றால் மாதக்கணக்கில் அதே இடத்தில்தான் நிற்கும். (மூன்று வயதில் ழகரம் வரவில்லை என்று அழைத்துவருகிறவர்களும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேருக்கு அது வருகிறது என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.)

அந்தத் தாய் சிகிச்சையாளரைச் சந்திக்கப் போகும்போது இவற்றைக் கொண்டுபோகட்டும்: மகன் சொல்லும் சொற்கள், அவன் உச்சரிக்கிறபடியே எழுதிய பட்டியல், வீட்டில் யார் யார் அவனிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்ற விவரம், செவித்திறன் அறிக்கை, கைபேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோக்கள் மூன்று. தனியாக விளையாடுவது ஒன்று, எதையாவது கேட்டு அடம்பிடிப்பது ஒன்று, இன்னொரு குழந்தையோடு இருப்பது ஒன்று. வீடியோவில் ‘சொல்லு, சொல்லு’ என்ற குரல் வேண்டாம். அடுத்த மூன்று மாதத்துக்கான இலக்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் மாற்றமே இல்லையென்றால் திட்டத்தை மாற்றும்படி கேட்கவும் வேண்டும். பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தும் இடமாக இருந்தால், இந்த வயதுக் குழந்தைக்கு அது பாதிச் சிகிச்சைதான். உள்ளே இருக்க அனுமதி கேட்கலாம், கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான பேச்சு–மொழிச் சிகிச்சையாளர்கள் சிலர்