கிபாலே காட்டில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

மேற்கு உகாண்டாவின் கிபாலே காட்டுக்குப் போய், சிம்பன்சிகளையும் பறவைகளையும் ஆசை தீரப் பார்த்துவிட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களுக்குக் காரணமான ஆட்கள் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல். இவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. கம்பாலாவில் இருக்கும் அண்ணன் படித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதலில் அந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும். எந்தெபே விமான நிலையத்தில் நான் வந்து இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை. பைனாகுலர், காட்டுக்கென்று வாங்கிய பூட்ஸ், மழைச்சட்டை எல்லாம் அதற்குள். அண்ணன் அன்றிரவே நாலைந்து பேருக்குப் போன் போட்டு, உடன் வேலை செய்பவர் ஒருவரிடமிருந்து பைனாகுலர் வாங்கிவிட்டார். அண்ணி கேள்வி எதுவும் கேட்காமல் ரசம் சாதத்தை முன்னால் வைத்தார். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுவிட்ட செவிலியருக்கும் ஒரு நன்றி. “அட்டையைப் பெட்டியில் போடாதீங்க, பாஸ்போர்ட்டோடவே வைங்க, திரும்பி வரும்போதும் கேட்பாங்க” என்று அவர் சொன்னதால்தான் அந்த ஒரு காகிதமாவது என் கையில் இருந்தது.

கம்பாலாவிலிருந்து காட்டுக்குப் பக்கத்து நகரமான ஃபோர்ட் போர்ட்டல் சுமார் 300 கிலோமீட்டர். முபெண்டே வழியாகப் போகும் அந்தச் சாலையில் எங்கள் ஓட்டுநர் வண்டி ஓட்டியபடியே பறவையும் காட்டினார். உகாண்டா கொடியின் நடுவில் நிற்கும் கொண்டைக் கொக்கைச் சாலையோரச் சதுப்பில் ஜோடியாக முதலில் பார்த்தது அவர்தான். வழியில் ரோலெக்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவரே. கடிகாரம் இல்லை, ஆம்லெட்டைச் சப்பாத்தியில் வைத்துச் சுருட்டித் தருவது. அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிபாலே 1993இல் தேசியப் பூங்கா ஆனது. சுற்றிலும் தேயிலைத் தோட்டமும் வாழையும். உள்ளே 13 வகைக் குரங்கினங்கள், அவற்றில் சிம்பன்சி மட்டும் ஏறத்தாழ 1,500. பார்வையாளர்கள் நுழைவது கன்யாஞ்சு என்ற இடத்தில். தங்கிய விடுதியில் சமையல் செய்யும் பெரியவர் தன்னுடைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்து அனுப்பினார். என் பாதத்துக்கு அது ஒரு சுற்றுப் பெரியது, ஆனால் காட்டில் படை எறும்புகளின் வரிசையைத் தாண்டும்போது அவரைக் கும்பிடத் தோன்றியது.

விடியும் முன்பே எங்களைக் கூட்டிப் போன ரேஞ்சர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பச்சை மார்புப் பிட்டா என்ற பறவையைப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. நம்மூர் ஆறுமணிக் குருவிக்கு ஆப்பிரிக்க உறவு. பகலில் தரையில் சருகோடு சருகாக நிற்கும், பக்கத்தில் போனாலும் கண்ணில் படாது. விடியலில் மட்டும் தாழ்ந்த கிளையில் ஏறிச் சத்தம் கொடுக்கும். இருட்டில் யானை வந்துவிடலாம் என்பதால் அவர் தோளில் துப்பாக்கி. கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். டார்ச் வேண்டாம் என்றார். சற்று நேரத்தில் ஒரு மங்கலான உருவம் கிளையிலிருந்து எம்பி, சிறகைப் படக்கென்று அடித்து, ‘ப்ரிப்’ என்று ஒரு சத்தம் கொடுத்து, மறுபடி அதே கிளையில் உட்கார்ந்தது. வெளிச்சம் ஏற ஏற வயிற்றின் சிவப்பும் மார்பின் பச்சையும் தெரிய ஆரம்பித்தன. என் படம் சுமார்தான். இரவல் பைனாகுலர் பிரமாதம்.

அப்புறம் சிம்பன்சி. அவற்றைத் தேடிப் போகும் வழியில் கீழே கிடந்த பழச்சக்கையைப் பார்த்தே இது இன்று காலையில் தின்றது, இது நேற்றையது என்று ரேஞ்சர் அம்மா பிரித்துச் சொன்னார். தூரத்தில் மரத்தடியில் பலகை போல விரியும் வேரைக் காலால் உதைத்து ஒன்று முரசடித்தது. கூடவே கூவல். கூட்டம் ஒரு பெரிய அத்தி மரத்தில் இருந்தது. வயதான ஆண் ஒன்று மட்டும் கீழே இறங்கி எங்களைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்தது. வாய் நிறைய அத்திப்பழத்தை வைத்துக் கீழுதட்டைப் பிதுக்கி, சாறு முழுவதும் இறங்கும்வரை அழுத்தி உறிஞ்சிவிட்டு, கரும்புச் சக்கையைத் துப்புவது போல உருண்டையாகத் துப்பியது. அப்போதுதான் அதன் வலக்கையைக் கவனித்தேன். மணிக்கட்டு மடங்கியே இருந்தது, இரண்டு விரல்கள் இல்லை.

கண்ணி என்றார் ரேஞ்சர் அம்மா. சின்ன மான்களுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைக்கிற கம்பிச் சுருக்கு. சிம்பன்சி கையை விட்டால் இழுக்க இழுக்க இறுகும், கம்பி அறுந்தாலும் சுருக்கு கையிலேயே தங்கிவிடும். இந்தக் கண்ணிகளைத் தேடி அகற்றுவதற்கென்றே கிபாலேயில் ஆட்கள் காடு காடாக நடக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, பெயரும் தெரியாது. மனிதரைக் கண்டு ஓடாதபடி இந்தக் கூட்டத்தைப் பழக்கியவர்களையும் தெரியாது. அது ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை. ஒரு வாழைப்பழம்கூட நீட்டாமல் தினமும் பின்னாலேயே போய் வர வேண்டும். எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரம் உங்கள் இரு தரப்பினராலும் வந்தது. மிக்க நன்றி.

இன்னொருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு டச்சுக்காரப் பெரியவர் இருந்தார். காலையில் விதிமுறைகளைச் சொல்லி முகக்கவசம் கொடுத்தபோது, “எனக்குத் தொண்டை கரகரக்கிறது, நான் வரவில்லை” என்று தானே சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்த அனுமதிச் சீட்டின் விலை தெரிந்தவர்களுக்குத்தான் அவர் விட்டுக்கொடுத்தது என்னவென்று புரியும். 2013இல் இதே காட்டின் கன்யாவாரா பகுதியில், நமக்கு வெறும் ஜலதோஷம் தருகிற ரைனோவைரஸ் தொற்றி 5 சிம்பன்சிகள் செத்துப்போயின. பெரியவர் அதைப் படித்திருந்தார். மதியம் நாங்கள் திரும்பியபோது தேநீரோடு வராந்தாவில் உட்கார்ந்து, நாங்கள் பார்க்காத ஒரு தேன்சிட்டைப் பார்த்துவிட்டதாகச் சிரித்தார். ஐயா, அந்தப் பயணத்தில் நான் பார்த்த பெரிய மனிதர் நீங்கள்தான்.

கடைசியாக பிகோடி. காட்டை ஒட்டிய சதுப்பு நிலத்தை ஊர்க்காரர்களே பாதுகாத்து, நடத்திக் காட்டுகிறார்கள். 1992இல் ஆரம்பித்த அமைப்பு, அந்த வருமானத்தில் ஊருக்குப் பள்ளிக்கூடமும் எழுப்பியது. பாப்பிரஸ் கோரைக்கு நடுவே பலகைப் பாதையில் கூட்டிப்போன தம்பி, பெரிய நீல டுராக்கோ என்ற பறவையை ஒரே மரத்தில் கூட்டமாகக் காட்டினான். கோழி அளவு இருக்கும், பறக்கத்தான் சோம்பல். கிளை கிளையாகத் தாவி ஏறுவதைப் பார்க்கச் சிரிப்பு வரும். யானை வந்து தோட்டத்தை அழித்துவிட்டுப் போவதைப் பற்றியும் அவன் சொன்னான். காட்டோரத்தில் பிழைப்பது சும்மா இல்லை. பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, கட்டணம் அதிகம் என்ற என் முணுமுணுப்பு நின்றது.

கூடை முடையும் பிகோடி அக்காக்களே, அந்தப் பகுதித் தோரோ மக்களின் வழக்கப்படி எனக்கும் எம்பாக்கோ என்ற செல்லப் பெயர் வைத்து, ‘அக்கீகி’ என்று கூப்பிட்டு மட்டோக்கே என்ற வேகவைத்த வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும் பரிமாறினீர்கள். வெபாலே, உங்கள் மொழியிலேயே நன்றி. கூடைகள் நசுங்காமல் வந்து சேர்ந்தன. பெரியதை அம்மா வெங்காயத்துக்கு எடுத்துக்கொண்டார், திரும்பத் தருவதாக இல்லை. நீங்கள் கேட்ட குழுப் படத்தை ஆளுக்கொன்றாக அச்செடுத்துவிட்டேன். அண்ணன் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சமையல் பெரியவருக்கு அவர் அளவில் ஒரு ஜோடி பூட்ஸும் அதோடு வரும்.

அன்புடனும் நன்றியுடனும்,
கோவையிலிருந்து உங்கள் விருந்தாளி