பிரஷர் பார்க்கும் முன் உட்கார வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். காசிமேட்டிலிருந்து நடந்தே போனேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நின்ற டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து வரும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவன் ஏர் ஹாரன் அடித்தான். தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படபடப்போடு மண்டபத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். என் முறை வந்ததும் ஒரு சின்னப் பெண் ஸ்டூலில் உட்கார வைத்து, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, ஆதார் நம்பர் கேட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் கத்தியது: 172/98.

நான் நர்ஸாக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த 172-இல் ஒரு பங்கு ஏர் ஹாரனுக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்ற மற்றவர்களுக்குத் தெரியாதே!

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா இருக்கும்போது 70, 75 என்று இருக்கிறதே, அது மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு கடிவாளம் போட்டுப் பிடித்திருப்பதால். பயந்தால் முதலில் கடிவாளம் தளரும். ஓரிரு துடிப்பிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்புறம் சில நொடிகளில், ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்புகள் கிளம்பி, இதயத்தை இன்னும் வலுவாக அடிக்க வைத்து, தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கும். சித்திரை வெயிலிலும் பயந்த நோயாளியின் விரல் ஜில்லென்று இருப்பதை எத்தனையோ முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். கூடவே, சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினைக் கலந்துவிடும். அது அடங்கச் சில நிமிஷம் ஆகும். பிரஷர் பார்க்கும் முன் 5 நிமிஷம் பேசாமல் உட்கார வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏறிய பிரஷரை உடம்பே இறக்கிக்கொள்ளாதா? இறக்கும். கழுத்து ரத்தக் குழாயிலும் பெருந்தமனி வளைவிலும் அதற்கென்றே உணர்விகள் உண்டு. குழாய் விரிந்தால் முகுளத்துக்குத் தகவல் போகும், இதயம் நிதானப்படும். ஆனால் ஆபத்து நேரத்தில் எவ்வளவு ஏறினால் இறக்க வேண்டும் என்கிற அளவையே மூளை கொஞ்சம் உயர்த்தி வைத்துவிடும். டிரெய்லர் வரும்போது ஓடியாக வேண்டுமே.

சரி, விடவில்லை. சுவரோரம் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, வாயை மூடிக்கொண்டு 10 நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, வெறும் கையில் மறுபடி பார்க்கச் சொன்னேன். 146/86. மாத்திரை சாப்பிடும் எனக்கு அதுவும் நல்ல நம்பர் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறேன்.

பின்னால் நின்ற டிரெய்லர் டிரைவர் தம்பி, "அப்போ எனக்கும் டென்ஷன்தாம்மா, மாத்திரை எதுக்கு?" என்றார். எனக்கு அந்த 172-ஐவிட இந்தப் பேச்சுதான் பயம். 'டென்ஷன் பிரஷர்' என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, வாய் கோணி, கை கால் விழுந்து வார்டுக்கு வந்தவர்களைத் தூக்கிப் படுக்க வைத்தவள் நான். முகாமில் மட்டும் ஏறுகிறதா, வீட்டிலும் ஏறியேதான் இருக்கிறதா என்பது ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்தால்தான் விளங்கும். ராத்திரி முழுக்கத் துறைமுக வாசலில் டீயும் பீடியுமாகக் காத்துக் கிடப்பவருக்கு வீட்டு நம்பரும் நன்றாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது, தூங்குகிறார் என்று திருப்பி அனுப்பாதீர்கள் என்று அவர் வீட்டம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு: ஆதார், போன் நம்பர் எல்லாம் வாசலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாத்ரூம் போக வேண்டுமா என்று கேளுங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் பிரஷர் ஏறும். அப்புறம் சாய்மானம் உள்ள நாற்காலி போடுங்கள். செலவே இல்லை. அன்றைக்கு அந்த மண்டபத்து மேடையோரம் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபடியே கிடந்தன.

– ஓய்வு பெற்ற செவிலியர், காசிமேடு, சென்னை