இடது பக்கச் சத்தம்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை இரவு போனில் நீ திட்டியபோது நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். "63 வயசுல காடிக்கு அடியில போய்ப் படுக்கணுமாப்பா? அந்தப் புரோட்டான் வீரா கார வித்துத் தொலைங்க" என்றாய். பெர்த்துக்கும் பினாங்குக்கும் கடிகாரம் ஒன்றுதான், நீ எப்போது வேண்டுமானாலும் திட்டலாம்.

விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். உன்னிடம் வேறு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் காடிக்கதையைக் கேட்டுவிடு. அது தெரியாமல் இது புரியாது.

தீபாவளி மழைக்குப் பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது. லோங்காங் மூடியின் மேல், அதுதான் சாக்கடை மூடி, ஏறினால் காடியின் முன்னால் 'கடக்' என்று ஒரு தடவை. பிரேக் வைத்தால் இன்னொரு தடவை. பட்டர்வொர்த்துக்குப் போகும்போதுதான் எனக்குக் குழப்பம். பினாங்குப் பாலத்தில் இணைப்பு வருகிற இடமெல்லாம் எந்தக் காடியும் 'டக் டக்' என்றுதான் போகும். 1985-இல் திறந்த பாலம், கடலுக்கு மேலே மட்டும் 8.4 கிலோமீட்டர். எது பாலம், எது காடி என்று எனக்குப் பிரியவில்லை. உன் அம்மா பிரித்துச் சொன்னாள். "பாலம் ரெண்டு சக்கரத்துலயும் தட்டும். இது இடது கால் மட்டும் நொண்டுது" என்றாள். 27 வருடம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெஷின் சத்தம் கேட்டே சம்பளம் வாங்கியவன் நான்!

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஃபோர்மன், குலுக்கலைத் தாங்குகிற அப்சோர்பர்தான் கோளாறு என்றார். இரண்டையும் மாற்றினோம். பணம் அங்கேயே நின்றுவிட்டது, சத்தம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. சரி, இனி நாமே பார்ப்போம் என்று போர்ச்சில் நிறுத்தி முன்பக்கத்தைத் தூக்கினேன்.

நீ கோபப்பட்ட இடம் இதுதானே? கேள். ஜேக்கை மட்டும் நம்பி நான் ஒருநாளும் அடியில் படுத்ததில்லை. ஜேக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, அவற்றுக்கு அடியில் பிளைவுட் பலகை போட்டேன், போர்ச் டைல்ஸ் வழுக்கும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல், ஹேண்ட்பிரேக்கும் இழுத்தாயிற்று. கழற்றிய டயரைப் படுக்க வைத்துக் காடிக்கு அடியில் தள்ளினேன். எல்லாம் கைவிட்டாலும் காடி டயரின் மேல்தான் உட்காரும், என் மேல் இல்லை. இதையெல்லாம் உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள்.

எனக்குச் சந்தேகம் லோவர் ஆர்ம் மேல்தான். அது என்னவென்று முன்பே உனக்குக் காட்டினேன், மறந்திருப்பாய். சக்கரத்தை உடம்போடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கை அது. உடம்புப் பக்கம் இரண்டு ரப்பர் புஷ், சக்கரப் பக்கம் ஒரு பால் ஜாயின்ட், நம் தோள்மூட்டு மாதிரி ஒரு கிண்ணத்துக்குள் உருண்டை. பள்ளத்தில் விழுந்தால் கீழிருந்து அடி, பிரேக் வைத்தால் முன்னிருந்து அடி. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கம் என்பார்களே, இது மத்தள ஜாதி. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம், சாலையோரப் பள்ளமும் லோங்காங் மூடியும் இடது சக்கரத்துக்குத்தான் முதலில் கிடைக்கும். அதனால் இடதுதான் முதலில் போயிருந்தது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பால் ஜாயின்டில் லேசான லொடலொடப்பு. சின்னக் கடப்பாரையை முன் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பினேன். ரப்பர் வாயைத் திறந்து காட்டியது. கிழிசலுக்குள் டார்ச் வெளிச்சம் அந்தப் பக்கம் போய் வந்தது. அதுதான் 'கடக்'.

ஜெலுத்தோங்கில் அதே ஸ்பேர் பார்ட் கடைக்குத்தான் போனேன். எந்தக் கடை என்று உனக்குத் தெரியும். ஆர்ம் இரண்டும் சேர்த்து 200 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, கொஞ்சம் குறைவு, புஷ்ஷும் பால் ஜாயின்டும் அதிலேயே அடித்து வருகிறது. ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் கூடவே மாற்றிவிடுவதுதான் நல்லது.

முதல் நாள் இரவே போல்ட்டுகளில் துருவெண்ணெய் அடித்து ஊற விட்டேன். கடல் காற்றில் இருக்கிற காடி, எந்தப் போல்ட்டும் ஸ்பேனரைப் பார்த்தவுடன் வராது. இடது வலது ஆர்ம்களை இணைக்கிற ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கைக் கழற்ற இரண்டு பக்கச் சக்கரமும் தொங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், கழற்றும்போது துள்ளும். பால் ஜாயின்ட்தான் பெரிய சண்டை. அதன் தண்டு கூம்பு மாதிரி இருக்கும், சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளின் கூம்பு ஓட்டைக்குள் வருடக்கணக்கில் இறுகிக் கிடந்தது. நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு மரை விட்டு வைத்தேன், திடீரென்று விட்டுக்கொண்டாலும் ஆர்ம் என் முகத்துக்கு வராது. அப்புறம் தண்டை அடிக்காமல், நக்கிளின் காதுப் பக்கத்தைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். எட்டு அடியா, பத்து அடியா, எண்ணவில்லை. 'டொப்' என்று விட்டது. உன் அம்மா உள்ளேயிருந்து "என்னாச்சு?" என்று ஓடி வந்தாள். நல்ல செய்தி என்று சொன்னால் நம்பவில்லை.

ஆர்ம் கழன்ற பிறகு நக்கிளை வெளிப்பக்கம் இழுக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்ற வைக்கிற டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்றுவரும், பிரேக் ஹோஸும் இழுபடும். கயிறு போட்டுக் காடியின் சட்டத்தோடு கட்டி வைத்தேன். பழைய போல்ட் ஒன்று புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருந்தது. அதற்கு மட்டும் ஒரு மத்தியானம் போயிற்று, அந்தக் கதை வேண்டாம்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2012-இல், நீ ஐந்தாம் படிவம் படித்தபோது, இதே ஆர்மை நான் முதல்முறையாக வீட்டில் மாற்றினேன். ஏழு மாதத்தில் புஷ் கிழிந்துவிட்டது. டியூஷனிலிருந்து உன்னை ஏற்றிக்கொண்டு நேராக அந்தக் கடைக்குப் போய், போலிச் சாமான் விற்கிறாய் என்று கடை முதலாளி தவுக்கேயிடம் சத்தம் போட்டேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அலமாரியிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்து மேசைமேல் வைத்தார், காசு வாங்கவில்லை. நீ காடிக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். கிரீன் லேன் சிக்னலில் நிற்கும்போது, "நீங்க மாட்டினதுல தப்பு இருந்தா என்னப்பா?" என்று கேட்டாய். உனக்கு என்ன தெரியும் என்று அதட்டினேன். கெலுகோர் வீடு வரும்வரை நீ பேசவில்லை.

அந்த இரண்டாவது ஜோடியை எனக்கு அலுத்துப்போய் ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டினேன். அதே கடை, அதே பெட்டி. இந்த மழைக்காலம்வரை உழைத்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை.

இந்த முறை எதிர்வீட்டுத் தம்பி, அளவு வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் இரவல் கொடுத்தான், வீராவின் பட்டறைப் புத்தகத்தையும் போனில் அனுப்பினான். அதில் ஒரு வரி: புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது காடியின் பாரம் சக்கரத்தில் இருக்க வேண்டும். நான் அன்று சக்கரம் தொங்கும்போதே முழுப் பலத்தோடு இறுக்கியவன். படிக்கட்டுக்கு அடியில் கிடந்த அந்த 2012 ஆர்மைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரப்பர் நேராகப் பிளக்கவில்லை, துணி பிழிந்த மாதிரி சுற்றிக்கொண்டு கிழிந்திருந்தது.

காரணம் எளிது. புஷ்ஷுக்குள் இரண்டு குழாய், நடுவில் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும், வெளிக்குழாய் ஆர்மோடு ஆடும், முறுக்கையெல்லாம் ரப்பர் வாங்கிக்கொள்ளும். தொங்கும்போது பூட்டினால், காடி தரையில் இறங்கியதுமே ரப்பர் பிழிபட்டு நிற்கும். ஓடும்போது மட்டுமில்லை, நிறுத்தி வைத்திருந்தாலும் ராத்திரி பகல் அப்படியேதான். ஏழு மாதம் தாங்கியதே பெரிது. சாமானில் குறையில்லை, பாப்பா. மாட்டினவன் கையில்தான் குறை. நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி.

இந்தத் தடவை எல்லாப் போல்ட்டையும் கையளவுக்கு மாட்டி, சக்கரத்தைப் போட்டு, தடித்த பலகைகளின் மேல் இறக்கினேன். ஸ்டாண்டு தள்ளாமல் அப்படியே அடியில் நின்றது. அம்மாவை முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விடச் சொன்னேன், காடி தன் உயரத்துக்கு வந்து உட்கார வேண்டுமே. அதற்கப்புறம்தான் படுத்து, அளவு வைத்து இறுக்கினேன். 'கிளிக்' கேட்டதும் நிறுத்தினேன்.

மறுநாள் வீல் அலைன்மென்ட். ஆர்ம் மாற்றினால் சக்கரத்தின் கோணம் மாறும், விட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் சீக்கிரம் வழுவழுவென்று தேயும். அங்கிருந்து ஜாலான் துன் சார்டோன் மலைப்பாதையில் பாலிக் புலாவ் போய் வந்தோம். அவ்வளவு வளைவிலும் சத்தம் இல்லை. அம்மா ஜன்னலை இறக்கிக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள், பரிசோதனை அதிகாரி மாதிரி.

திரும்பும் வழியில் ஜெலுத்தோங் கடையில் நிறுத்தினேன். இப்போது மகன்தான் கல்லாவில். தவுக்கே மூலையில் விசிறிக்குக் கீழே பேப்பரோடு உட்கார்ந்திருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மலாயில் முழுக்கதையும் சொன்னேன். அன்று கத்தியது, தொங்கவிட்டு இறுக்கியது, தப்பு என்னுடையது என்பது. முடியும்வரை கேட்டார். அவருக்கு எதுவுமே நினைவில்லை! கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "வீரா இன்னும் ஓடுதா?" என்று மட்டும் கேட்டார். வாசலில் நிற்கிறது என்றேன். எழுந்து வந்து பார்த்தார்.

அவருக்கு நினைவில்லை. உனக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பழைய ஆர்மை இரும்புக்காரரிடம் போடச் சொல்கிறாள் அம்மா. போடவில்லை, நீ வந்து அந்தக் கிழிசலைப் பார். தைப்பூசத்துக்கு வருவதென்றால் டிக்கெட்டை இப்போதே எடு. ஏர்போர்ட்டில் வந்து ஏற்றிக்கொள்கிறேன், வீராவில்தான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மட்டும் அன்று காடி போகாது, நடைதான்.

அன்புடன்,
அப்பா