கதி மாறவில்லை, வேகம் மாறியது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போன பஸ்ஸில் நடந்ததை எழுதுகிறேன். ஓர் இடது வளைவில் பஸ் சட்டென்று திரும்பியது. சீட் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்ற வயதான அம்மா ஒருவர் பிடி நழுவி வலப்பக்க சீட்டில் போய் மோதினார். கொழுந்து பறித்தே காய்த்துப்போன கை அது. மணிக்கட்டு எங்கள் கண்முன்னே வீங்கியது. எல்லாரும் சத்தம் போட்டோம். "நான் வேகத்தைக் கூட்டவே இல்லையே, அதே வேகத்தில்தானே திருப்பினேன்" என்றார் சாரதி. அவர் பொய் சொல்லவில்லை. அதைவிட என்னை உறுத்தியது என் பழைய மாணவன் கேட்டதுதான்: "உந்தம் காக்கப்படும் என்று படித்தோமே சேர், அப்புறம் ஏன் விழுந்தார்?" உந்தம் என்பது பொருளின் திணிவை வேகத்தால் பெருக்கினால் வருவது; வெளியிலிருந்து விசை இல்லாவிட்டால் அதன் மொத்தம் மாறாது என்பதே அவன் சொன்ன காப்பு விதி.

31 வருடம் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அவனுக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாடப்புத்தகம் கதி என்றும் வேகம் என்றும் இரண்டாகப் பிரித்திருப்பது இதற்காகத்தான். சாரதி வேகம் என்றது புத்தகத்தில் கதி, அதற்குத் திசை இல்லை. வேகத்துக்குத் திசை உண்டு, உந்தத்துக்கும் உண்டு. ஆட்களோடு 10,000 கிலோ வரும் பஸ் மணிக்கு 36 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு 10 மீற்றரில், ஓடுகிறது என்று வையுங்கள். கொண்டை ஊசி வளைவில் அதே கதியில் முழுதாகத் திரும்பினால், வடக்கே இருந்த உந்தம் அத்தனையும் போய்த் தெற்கே அதே அளவு வந்தாக வேண்டும். மாற்றம் இரண்டு மடங்கு. வளைவின் ஆரை 20 மீற்றர் என்றால் டயரைப் பக்கவாட்டில் பிடிக்க 50,000 நியூட்டன் விசை தேவை, பஸ்ஸின் நிறையில் (சுமார் 100,000 நியூட்டன்) பாதி. மழையில் நனைந்த தாரும் தேய்ந்த டயரும் அவ்வளவைத் தாங்குமா? கதியைப் பாதியாக்கினால் 12,500 போதும், கால் பங்குதான்.

அந்த அம்மாவை யாரும் தள்ளவில்லை. அவர் உடம்பு நேரே போனது, பஸ் அவருக்குக் கீழே திரும்பியது.

சரி, காப்பு விதி எங்கே போனது? பஸ்ஸை மட்டும் பார்த்தால் உந்தம் காக்கப்படுவதில்லை. டயர் ரோட்டை வெளிப்பக்கம் தள்ளுகிறது, பஸ் இழந்ததைப் பூமி வாங்கிக்கொள்கிறது. பூமி மிகப் பெரியது, அதனால் அசைவு தெரியாது. வீட்டில் செய்து பாருங்கள். பவுடர் போட்ட கரம்போர்டில் ஒரு பிளாஸ்டிக் வளையலை வைத்து, உள்விளிம்போடு கோலிக்குண்டை உருட்டுங்கள். வளையலைப் பிடித்திருந்தால் குண்டு அழகாகச் சுற்றும், விரலில் அது தள்ளுவதும் தெரியும். விரலை எடுத்தால் வளையலே நகர்ந்து போகும். பிடித்திருந்தபோது விரல் வழியாகப் பலகைக்கும் பூமிக்கும் போன உந்தம் இப்போது வளையலில் தெரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் நம் ரோட்டுக்கு நடப்பதும் இதுவே.

ஆகவே சாரதிகளிடம் கேட்பது ஒன்றுதான்: வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை மிதிக்காதீர்கள், போவதற்கு முன்னரே கதியைக் குறையுங்கள். திரும்பும்போதே பிரேக்கும் பிடித்தால், இருக்கிற கொஞ்ச உராய்வை இரண்டு வேலைக்கும் பங்கு போட வேண்டி வரும். வீதிக்குப் பொறுப்பானவர்கள், "அபாய வளைவு" என்று மட்டும் எழுதாமல், எந்தக் கதியில் திரும்பலாம் என்ற இலக்கத்தையும் பலகையில் போடட்டும்.

கரம்போர்டும் வளையலும் என்னிடம் இருக்கின்றன. சாரதிகளோ பாடசாலையோ கூப்பிட்டால் சனிக்கிழமைகளில் வந்து செய்து காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்.