மூத்தவள் அ பிரிவு, இளையவள் ஆ பிரிவு

கடலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பிரிவுவாரியாகப் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலையை நீங்கள் தொடங்கியிருப்பீர்கள். 31 ஆண்டுகள் நானும் அந்தப் பட்டியலை எழுதியவள்தான். ஒரே முகவரி, ஒரே பிறந்த தேதி, ஒரே முன்னெழுத்தோடு இரண்டு பெயர்கள் வந்தால் நம் பேனா என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பெயரை அ பிரிவில் எழுதும். மறு பெயரை ஆ பிரிவில் எழுதும். அப்படி எழுதுவதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எனக்கு இரட்டைப் பேத்திகள். ஆறு வயது முடிந்துவிட்டது. பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் ஊர் அவர்களை அந்தப் பெயர்களால் கூப்பிடப் போவதில்லை. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் இருவரையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்துகிறார். யார் மூத்தவள், யார் சுட்டி, யார் நன்றாகப் படிப்பாள் என்று அவர்கள் எதிரிலேயே விசாரணை நடக்கிறது. பூ விற்கும் அம்மாள் ஒருவர், என் மகள் ஒட்டிய வாழைப்பழம் தின்றாளா என்று இன்றுவரை கேட்கிறார். ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்ததால் பிறந்தவர்கள், பழத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். "அதைத்தானே நானும் சொல்கிறேன், பழமும் அப்படித்தானே ஒட்டியிருக்கிறது" என்றார். விட்டுவிட்டேன்.

35ஆவது வாரத்தில் பிறந்தார்கள். ஒருத்தி 2.1 கிலோ, மற்றவள் 1.7 கிலோ. எடை கூடும்வரை வெறும் நெஞ்சோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கங்காரு முறை என்று பெயர். மகள் ஒருத்தியைப் போட்டுக்கொண்டாள், மற்றவள் என் பங்கு. நான் பணி ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. மதியம் முழுவதும் அசையாமல் சாய்வு நாற்காலியில் கிடந்த அந்த நாட்களைப் போல நான் சும்மா இருந்ததும் இல்லை, களைத்துப்போனதும் இல்லை. மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்த பிறகு விட்டத்தில் இரண்டு தூளி கட்டினோம். ஒன்றைக் கையால் ஆட்டுவேன். மற்றதன் கயிறு என் கால் கட்டைவிரலில் இருக்கும். யார் எப்போது பால் குடித்தாள், யார் வெளிக்குப் போனாள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினோம். அப்படியும் ஓர் இரவு சொட்டு மருந்து ஒருத்திக்கே இரண்டு முறை போய்விட்டது. மறுநாள் காலையில் சின்னவளின் வலது காலில் கருப்புக் கயிறு கட்டினேன். கண்ணேறு படாமலிருக்கக் கட்டியதாக அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை தடுப்பூசி தனிக் கதை. முதல் பிள்ளை அலறுவதைக் கேட்டே இரண்டாம் பிள்ளை ஊசிக்கு முன்பே அழத் தொடங்கிவிடும். அடுத்த முறை வரிசையை மாற்றினோம். அன்றிலிருந்து 'யாருக்கு முதலில்' என்பது எங்கள் வீட்டின் தீராத வழக்காகிவிட்டது. யாருக்கு முதலில் தலை வாருவது, பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு, கல்லிலிருந்து எடுக்கும் முதல் தோசை யாருக்கு? தோசையை நடுவில் வெட்டப் பழகிவிட்டோம். காய்ச்சல் மட்டும் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாது. ஒருத்திக்கு விட்ட மூன்றாம் நாள் மற்றவளுக்கு வரும்; என் மகள் மறுபடியும் அலுவலகத்தில் விடுப்புக்கு நிற்பாள்.

புலம்பலாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததும் உண்டு. ஒன்றரை வயதில் யாரேனும் ஒரு பிஸ்கட் கொடுத்தால் இருவரில் எவளும் மறு கையையும் நீட்டுவாள். தங்கை தூங்கிக்கொண்டிருந்தால் அவள் பங்கைத் தலையணை அருகே வைத்துவிட்டு வருவாள். எறும்பு மொய்த்த தலையணைகளை எத்தனை முறை உதறியிருப்பேன்! கண்ணாடியில் தன்னைப் பார்த்து அக்காளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் சின்னவள், வெகு நாள் வரை. தண்ணீருக்கும் நிலாவுக்கும் அவர்களுக்கு மட்டும் விளங்கும் சொற்கள் இருந்தன. அவற்றை எழுதி வைக்காமல் போனேன். ஆசிரியையாக இருந்து என்ன பயன்? ஐந்து வயதில் ஆதாருக்குக் கைரேகை பதியப் போனபோது, மையத்தில் இருந்த பையன் ஒரே குழந்தையை இரண்டு முறை கொண்டுவந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டான். ஒற்றைக் கரு இரட்டையர் ஆனாலும் ரேகை வேறுதான். கருவி உடனே கண்டுகொண்டது. மனிதர்களுக்குத்தான் நேரமாகிறது.

சென்ற ஜூன் மாதம் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். இரட்டையரை ஒரே பிரிவில் வைக்க மாட்டோம், பள்ளியின் விதி என்றார்கள். அது எப்போது யார் எழுதிய விதி என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மூத்தவளுக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. "இங்கே யாரும் என்னை உன் தங்கை எங்கே என்று கேட்கவில்லை பாட்டி" என்றாள், ஒரு வாரத்துக்குள். இளையவளோ ஆ பிரிவில் வாயே திறக்கவில்லை. அதுவரை வெளியாரிடம் அக்காள் மூலமாகவே பேசிப் பழகியவள் அவள். மூடி இறுக்கமான தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச்சொல்லிக் கேட்கத் தெரியாமல் மாலையில் அதை நிறைந்தபடியே கொண்டுவருவாள். கழிப்பறைக்கு என்று அனுமதி வாங்கிக்கொண்டு அ பிரிவு வாசலில் போய் நிற்பாள். ஒழுங்கீனம் என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள், சிவப்பு மையில்.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பக்கத்துப் பெஞ்சுப் பெண் ஒருத்தி அந்தப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். இப்போது வீட்டில் அந்தப் பெண்ணின் பேச்சுத்தான். ஆகவே பிரித்ததே தவறு என்று நான் வாதாடவில்லை. ஒரே நாளில் பிறந்த இருவரில் ஒருத்திக்கு ஒத்துக்கொண்டது மற்றவளுக்கு நான்கு மாதம் ஒத்துக்கொள்ளவில்லை. அதைக் கேட்டறியப் பள்ளியில் ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

அப்படி வருத்தப்படும் உரிமைகூட எனக்குக் குறைவுதான். 1990களின் நடுவில் என் மூன்றாம் வகுப்பில் இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். ஒருவன் செய்த குறும்புக்கு மற்றவனை முட்டி போட வைத்தேன். நான் இல்லை டீச்சர் என்று அவன் சொல்லவில்லை. பேசாமல் முட்டி போட்டான். வகுப்பு மொத்தமும் சிரித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மறுநாளே தலைமையாசிரியரிடம் சொல்லி ஒருவனை அடுத்த பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். "தனித்தனியாக வளரட்டும் அம்மா, பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது" என்று அவர்கள் தாயிடம் சொன்னேன். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். டீச்சர் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர்கள் முகம் பிரித்துத் தெரியவில்லை, அதுதான் உண்மை. ஆண்டு முழுவதும் பெரியவன், சின்னவன் என்றே கூப்பிட்டிருந்தேன். இன்று அந்தப் பெயர்களை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை.

பிரிப்பதே நல்லது என்று நாம் நம்பியதற்கு ஆய்வுகளின் துணையும் பெரிதாக இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ், கனடாவின் கியூபெக் ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான இரட்டையரை 7 வயது முதல் 16 வயது வரை கவனித்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சேர்ந்து படித்தாலும் பிரிந்து படித்தாலும் மதிப்பெண்ணிலோ படிக்கும் ஆர்வத்திலோ சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை என்றது அது. 2004இல் பிரிட்டனில் வந்த இன்னோர் ஆய்வு, பள்ளி தொடங்கும்போதே பிரிக்கப்பட்ட பிள்ளைகளிடம் பதற்றமும் ஒதுங்குதலும் கூடுதல் என்றும், ஒற்றைக் கரு இரட்டையரிடம் அது நீடித்தது என்றும் காட்டியது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2005இல் இதில் பெற்றோரின் விருப்பத்துக்கு இடம் தந்து சட்டமே இயற்றிவிட்டது. நமக்குச் சட்டம் வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்லிக் கேட்டால் போதும்.

பயிற்சிக் காலத்தில் 1952–53 முதலியார் குழு என்று மனப்பாடம் செய்தோமே, அந்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர் லட்சுமணசாமி முதலியார் இரட்டையரில் ஒருவர். 1887இல் அண்ணன் ராமசாமியோடு பிறந்தவர். தம்பி மகப்பேறு மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். அண்ணன் வழக்கறிஞர், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். நம் பக்கத்துச் சிதம்பரத்தைப் பாடிய இரட்டைப் புலவர்களோ இரட்டையரே அல்லர். அத்தை மகனும் மாமன் மகனும். பார்வையற்றவரின் தோளில் நடக்க இயலாதவர் ஏறிக்கொள்ள, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பார் என்பார்கள். அவர்களில் ஒருவரை ஆ பிரிவுக்கு அனுப்பியிருந்தால் பாதி வெண்பாதான் நமக்கு மிஞ்சியிருக்கும்.

சேர்க்கையின்போதே கேளுங்கள். பெற்றோரிடம் மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளிடமும், இருவரையும் தனித்தனியாக அழைத்து. முடிவு எதுவானாலும் காலாண்டு விடுமுறையில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் மாற்றுங்கள், பதிவேட்டில் ஒரு கோடு அடிப்பதைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டு ஆசிரியர் மட்டுமே இருக்கும் சிற்றூர்ப் பள்ளிகளில் பிரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை அறிவேன். அங்கே வேண்டியது வேறு: பெஞ்சு மாற்றி உட்கார வைப்பதும், கேள்வியை ஒருவரிடம் கேட்டால் மற்றவர் பதில் சொல்லாமல் பார்த்துக்கொள்வதும். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் ஒருத்தி மேல்நிலையான மலரிலும் மற்றவள் தொடக்க நிலையான அரும்பிலும் இருக்க நேரலாம். அப்போது "உன் அக்காளைப் பார்" என்ற சொல் மட்டும் வேண்டாம். ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது பெற்ற தாய்க்கே பழி என்கிறோம், ஆசிரியருக்கும் அதேதான். பெற்றோர் கூட்டத்தை இரு பிரிவுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு மாடிகளில் வைக்காதீர்கள் என்பது என் மகளின் கோரிக்கை. அவள் படியேறி இறங்கிய கதையை எழுதினால் மடல் இன்னும் நீளும்.

அடையாளம் தெரியவில்லை என்றால் வெட்கப்படாமல் "நீ யார் அம்மா?" என்று அவர்களிடமே கேளுங்கள். தினமும் கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் அன்று கேட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரட்டைப் பேத்திகளின் பாட்டி,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பின்குறிப்பு: யார் மூத்தவள் என்று மட்டும் கேட்காதீர்கள். நான்கு நிமிட வித்தியாசம். சென்ற வாரம் முறுக்குப் பங்கிடும்போது இருவருமே தாங்கள்தான் தங்கை என்று சாதித்தார்கள்; சின்னவளுக்கு ஒன்று கூடுதல் என்று நான் வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.