சித்திரகவித் தொகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எழுத்துகளைக் கட்டத்திலும் படத்திலும் அடைத்துப் பாடும் செய்யுள்தான் சித்திரகவி. ஈய எழுத்தில் கோர்த்து, டிரெடில் என்னும் கால்மிதி அச்சுப்பொறியில் அடித்த சித்திரகவித் தொகுப்பு முடிந்தது. 150 படிகளும் தைத்தாயிற்று.

முதல் வணக்கம் எழுத்துக் கோர்த்த கம்போசிட்டர் ஐயாவுக்கு. சித்திரகவியில் கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஈயத்திலோ ‘கு’ ஓர் அச்சு, ‘கா’ இரண்டு, ‘கொ’ மூன்று. சுழிகுளம் என்ற வகையில் நாலு வரி, வரிக்கு எட்டு எழுத்து; நெடுக்காகவும் படித்தாக வேண்டும். ஓர் எழுத்து நகர்ந்தாலும் நெடுக்கு வரிசை கோணலாகிவிடும். 12 பாயின்ட் எழுத்துக்கு 36 பாயின்ட் சதுரக் கட்டம் என்று வகுத்து, இருபுறமும் ஸ்பேஸ் அடைத்து, 32 கட்டத்தையும் நிறுத்திக் காட்டியவர் அவர்தான்.

அந்த எழுத்துப் பெட்டிகளை உருக்க அனுப்பாமல் எடுத்துவைத்த பழைய இரும்புக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி. 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துகள் அவை. பழைய ணா, றா, னா ஒவ்வொன்றும் ஒரே அச்சு. முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கும் சம்பந்தரின் மாலைமாற்றில் ‘காணாகா’ என்று வரும் இடத்தில் ணா மட்டும் தனி அச்சாக நிற்பதைப் பாருங்கள், அத்தனை அழகு!

பின்னிய இரண்டு பாம்புகளின் உடலில் இரண்டு வெண்பாக்களை அடைக்கும் இரட்டை நாகபந்தம்தான் பெரும்பாடு. பாம்புகள் பின்னும் இடத்து எழுத்து இரண்டு வெண்பாவுக்கும் பொது. எழுத்து விழும் வட்டங்களை வெள்ளையாக விட்டு, பாம்புப் படத்தை லினோ என்னும் மெத்தென்ற தகட்டில் செதுக்கிய தங்கைக்கும், லினோவை எழுத்தின் உயரத்துக்கு ஏற்றித் தந்த ஆசாரிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். எழுத்து உயரம் 23.3 மி.மீ.; பிளைவுட் 19, லினோ 3.2, மீதி 1.1-க்கு அட்டை. அதில் கொஞ்சம் தாழ்ந்தால் பாம்பின் உடல் திட்டுத்திட்டாக விழும்.

கைக்காகிதத்தை நனைத்து அடித்தால்தான் மை நன்றாகப் பிடிக்கும். ஆனால் காய்ந்தால் தாள் சுருங்கும். பிறகு எழுத்து வட்டத்துக்குள் விழாது. ஈரத்தாளை பாலித்தீனில் பொதிந்து, பாம்பும் எழுத்தும் ஒரே நாளில் ஓடும்படி இரவு பத்து மணிவரை தாள் எடுத்துக்கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளே, சேதம் வெறும் 11 தாள்தான்.

மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியை அம்மா மாலைமாற்றைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசித்தார். பெட்டியில் அறை மாறிக் கிடந்த இரண்டு எழுத்துகள் அப்போதுதான் அகப்பட்டன. ஓர் எழுத்து பிசகினால் அது மாலைமாற்றே இல்லை.

முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்கு: லினோப் பக்கங்களில் மை இன்னும் முழுதாகக் காயவில்லை. இடையில் வைத்திருக்கும் மெல்லிய தாளைப் பத்து நாளைக்கு எடுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
அச்சகத்தார்