பூங்குன்றனாரைப் பற்றி எழுதும் நண்பனுக்கு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். இவளுக்கு அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். காரைக்குடி வெயில்தான் ஆளை வாட்டுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சங்க மலருக்குக் கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' பாட்டைப் பற்றி நீ எழுதப்போகும் கட்டுரைக்கான ஆதாரப் பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் மேடைப் பேச்சும் வாட்ஸ்அப்பில் வந்த கட்டுரைகளும். பலரும் முதல் அடியோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் தாண்டுகிறவர்கள் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' வரை வந்து, தன்னம்பிக்கைப் பாடம் நடத்திவிட்டுப் போகிறார்கள். புறநானூறு 192ஆம் பாட்டுக்கு 13 அடிகள். அதன் உயிர் பின்பாதியில்தான் இருக்கிறது. மழை பெய்து, கல்லில் மோதி இரைந்தோடும் பேராற்றில் புணை, அதாவது தெப்பம், போவதுபோல உயிர் முறைவழிப் போகும் என்கிறார். அது தெளிந்ததால்தான் பெரியோரை வியப்பதில்லை. சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. இந்தக் காரணத் தொடர்பைத் தொடாத கட்டுரையை எவ்வளவு பெரிய மனிதர் எழுதியிருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடு.

உனக்கு முதலில் வேண்டியது பழைய உரை. எழுதியவர் பெயர் தெரியாத அந்த உரை 266ஆம் பாட்டு வரைதான் கிடைத்திருக்கிறது. நம் பாட்டு அதற்குள் வருவது நமக்கு யோகம். உ.வே.சா. 1894இல் பதிப்பித்தது அந்த உரையோடுதான். ஆற்றையும் புணையையும் ஊழோடு சேர்த்துப் படிக்கும் அந்த உரைக்குப் பதில் சொல்லாமல், இது வெறும் முயற்சியைப் புகழும் பாட்டு என்று யாரும் எழுதிவிட முடியாது.

ஐ.நா. சபையில் இந்த அடி பொறிக்கப்பட்டிருக்கிறது என்று உன் பட்டியலில் மூன்று கட்டுரைகள் சொல்கின்றன. மூன்றிலும் ஒரே வாக்கியம், எழுத்துப்பிழை உட்பட. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது மூன்று சாட்சி ஆகாது. எந்தச் சுவர், எந்த ஆண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை விட்டுவிடு. 2019 செப்டம்பரில் பிரதமர் மோடி ஐ.நா. பொதுச்சபையில் இந்த அடியைச் சொன்னதற்குப் பதிவு இருக்கிறது. தேவையென்றால் அதை எழுது. இங்கே பக்கத்திலிருக்கும் மகிபாலன்பட்டிதான் அவருடைய ஊரான பூங்குன்றம் என்பதையும் 'சொல்லப்படுகிறது' என்றே எழுது.

அப்புறம், நற்றிணை 226ஐ எப்படி விட்டாய்? அதுவும் பூங்குன்றனார் பாட்டுத்தான். மரம் பட்டுப்போகும் அளவுக்கு மருந்து எடுக்க மாட்டார்கள், வளம் கெடும்படி மன்னர் பொன் கொள்ள மாட்டார்கள் என்று தொடங்கும் அகப்பாட்டு. உலகத்துக்கு ஓர் அளவு உண்டு என்று நம்பியவரின் குரல் இரண்டிலும் கேட்கிறது. அவரைப் புரிந்துகொள்ள மற்றவர்களின் கட்டுரைகள் பத்தைவிட இந்த ஒரு பாட்டு உதவும்.

ஔவை துரைசாமிப் பிள்ளையின் புறநானூற்று உரையில் முதல் தொகுதி என்னிடம் இருக்கிறது. 192 உள்ள பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். மலருக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று எழுது.

அன்புடன்,
முத்து